“அதன் நடையே அப்படித்தான்”

இங்கிலாந்தில் 53 பால்பண்ணைகளுக்குப் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போனார்கள். பண்ணைக்காரரிடம் கேட்ட கேள்வி எளிமையானது: உங்கள் மந்தையில் எத்தனை மாடுகள் நொண்டுகின்றன? வந்த பதில்களின் சராசரி நூற்றுக்கு ஆறைக்கூட எட்டவில்லை. பிறகு ஆய்வாளர்களே மாடுகளின் நடையைப் பார்த்து எண்ணினார்கள். நூற்றுக்கு 22 மாடுகள் நொண்டின. 2003இல் வெளியான அந்தக் கட்டுரையைக் கால்நடை மருத்துவ உலகம் இன்றும் எடுத்துக்காட்டிக்கொண்டிருக்கிறது.

பண்ணைக்காரர்கள் பொய் சொல்லவில்லை. எங்கள் தாத்தா வீட்டில் ஒரு செவலைப் பசு இருந்தது. ஒரு கோடை விடுமுறையில், அது தண்ணீர்த் தொட்டிக்குப் போகும்போது இடது பின்னங்காலை முழுதாக ஊன்றாமல் நடப்பதைப் பார்த்துவிட்டு, “தாத்தா, மாடு நொண்டுகிறதே?” என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நொண்டவில்லை சாமி, அதன் நடையே அப்படித்தான்” என்றார். மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் தொழுவத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர் அவர். ஒரே நாளில் கால் மடங்கியிருந்தால் பதறிப்போயிருப்பார். நாளுக்குக் கடுகளவாகக் கூடிக்கொண்டே போன நொண்டல், அவர் கண்ணுக்கு நடையாகவே ஆகிவிட்டது.

அந்த ஆறுக்கும் 22க்கும் நடுவில் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் செய்ய வேலை இருக்கிறது. கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, ஊசி போடும் வேலையைப் பிறரிடம் விட்டு, மந்தைகளைப் பார்த்து எண்ணிக் கணக்குப் போடும் ஆய்வாளரின் வேலை அது. கால்நடைகளின் நடத்தை, நலம், நோய்ப்பரவலியல் (நோய் எங்கே, எவ்வளவு, ஏன் வருகிறது என்ற கணக்கு) என்று மூன்று துறைகளைச் சேர்த்தே சொல்வார்கள். மூன்றும் எப்படி ஒரே ஆளின் தொழிலாகின்றன என்பதை ஒரு நொண்டி மாட்டை வைத்தே விளக்கிவிடலாம்.

மருத்துவரிடம் ஒரு மாடு வருகிறது. இதற்கு என்ன, என்ன கொடுத்தால் சரியாகும் என்று அவர் பார்க்கிறார். ஆய்வாளரின் கேள்வி வேறு: இந்தப் பண்ணையில் இத்தனை மாடு நொண்டும்போது பக்கத்துப் பண்ணையில் ஏன் இல்லை? அவருக்கு நோயாளி என்பது மந்தை. அதனால் நோயில்லாத மாடும் அவருக்கு வேண்டும். நொண்டும் மாடுகளை மட்டும் ஆயிரம் பார்த்தாலும், நொண்டாத மாட்டோடு ஒப்பிடாமல் காரணம் பிடிபடாது.

முதுகும் குளம்பும்

விடிகாலை. கறவைக் கூடத்திலிருந்து மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வருகின்றன. ஆய்வாளர் வாசலிலிருந்து சற்றுத் தள்ளி, மாடு மிரளாத தூரத்தில், தரை சமமாகவும் வழுக்காமலும் இருக்கும் இடமாகப் பார்த்து நிற்கிறார். கையில் அட்டையும் பென்சிலும். (பேனா மை மழையில் கரைந்துவிடும்.)

முதலில் முதுகைப் பார்க்கிறார். நலமான மாட்டின் முதுகு நிற்கும்போதும் நடக்கும்போதும் தட்டையாக இருக்கும். கால் வலிக்கத் தொடங்கிய மாடு நிற்கும்போது நேராகத்தான் நிற்கும். நடக்க ஆரம்பித்ததும் முதுகு வில்லாக வளையும். பிறகு அடி வைப்பு. நலமான மாடு, முன்குளம்பு எடுத்த இடத்திலேயே பின்குளம்பை வைத்துவிடும். ஈர மண்ணில் நடக்கவிட்டால் ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடம் விழுந்திருக்கும். வலிக்கும் மாட்டின் பின்குளம்பு அந்த இடத்தை எட்டாமல் முன்னதாகவே விழும். தலை ஏறி இறங்குகிறதா, ஏதாவது ஒரு காலில் மட்டும் ஊன்றும் நேரம் குறைகிறதா என்பதையும் பார்க்கிறார். பார்த்து முடிக்க நாலைந்து அடிகள்தான் கிடைக்கும். அதற்குள் அடுத்த மாடு வந்துவிடும்.

பிரிட்டனில் இதற்கு பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் போடுகிறார்கள். அமெரிக்காவில் ஒன்றிலிருந்து ஐந்து வரை போடும் முறை புழக்கத்தில் இருக்கிறது. எந்த அளவுகோலாக இருந்தாலும் கடினமான இடம் நடுவில்தான். மூன்று காலில் தத்திப்போகும் மாட்டை யாரும் சொல்லிவிடலாம். மாடு வலித்தால் கத்தும் பிராணி இல்லை. மந்தையில் பலவீனமாகத் தெரிந்தது புலியின் கண்ணில் முதலில் பட்டுவிடும் என்ற வம்சத்தில் வந்தது. கூடுமானவரை மறைத்துக்கொண்டே நடக்கும்.

அதனால் ஒரே மாட்டுக்கு ஒருவர் ஒன்று போட, பக்கத்தில் நிற்பவர் இரண்டு போடுவார். இதைச் சரிசெய்யாமல் ஆய்வு நகராது. இருவரும் ஒரே காணொளிகளைப் பார்த்துப் பழகுவார்கள். எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறார்கள் என்பதையும் கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போட்டாலும் சில மாடுகளில் தற்செயலாக ஒத்துப்போகும். அதைக் கழித்த பிறகு மிஞ்சும் ஒற்றுமைதான் செல்லும். அளப்பவரையே அளந்துவிட்டுத்தான் மாட்டை அளக்க வேண்டியிருக்கிறது.

கோழியைக் கேட்டார்கள்

நடத்தை ஆய்வு என்றால் விலங்கு என்ன செய்கிறது என்று குறிப்பெடுப்பது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: விலங்கு எதை விரும்புகிறது? இதில் மனிதர் எப்படி ஏமாறுவார் என்பதற்கு எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு.

1964இல் ரூத் ஹாரிசன் எழுதிய ஒரு நூல், தொழிற்சாலை போலாகிவிட்ட பண்ணைகளைப் பற்றி பிரிட்டனில் பெரிய சலசலப்பை உண்டாக்கியது. அரசு, விலங்கியல் பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் குழு அமைத்தது. 1965இல் வந்த அதன் அறிக்கைதான் பண்ணை விலங்குகளின் நலம் பற்றிய இன்றைய பேச்சுக்கெல்லாம் தொடக்கப்புள்ளி. அந்த அறிக்கையில் கோழிக்கூண்டின் தரையைப் பற்றியும் ஒரு பரிந்துரை இருந்தது: அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கம்பி வலை வேண்டாம், தடித்த கம்பி வலை போடுங்கள். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. மெல்லிய கம்பி காலை அறுக்காதா?

1973இல் ஹியூஸ், பிளாக் என்ற இரு ஆய்வாளர்கள் கோழிகளிடமே விட்டுவிட்டார்கள். பலவகைத் தரைகளை வைத்து, எதில் போய் நிற்கிறது என்று பார்த்தார்கள். குழு வேண்டாம் என்ற மெல்லிய வலையைத்தான் கோழிகள் தேர்ந்தெடுத்தன. அந்த வலை கோழியின் பாதத்தை அதிக இடங்களில் தாங்கிப் பிடித்தது. படித்த பெரியவர்கள் தங்கள் உள்ளங்காலை வைத்து யோசித்திருக்கிறார்கள். கோழிக்கு இருப்பதோ வேறு கால்.

சரி, விலங்கையே கேட்டுவிட்டால் தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. ஆக்ஸ்ஃபோர்டில் மரியன் டாக்கின்ஸ், கூண்டிலேயே வளர்ந்த கோழிகளுக்குக் கூண்டையும் திறந்த வெளியையும் காட்டித் தேர்வு கொடுத்தார். முதலில் அவை கூண்டுக்குள்தான் போயின. வெளியைப் பழகிய பிறகுதான் தேர்வு மாறியது. பழக்கம் விருப்பத்தைப்போல வேடம் போடும். (மனிதரிடமும் இதைப் பார்த்திருக்கிறோம்.) ஆகவே ஆய்வாளர்கள் இன்னொரு படி மேலே போய், விரும்பியதை அடைய விலங்கு எவ்வளவு பாடுபடத் தயார் என்று பார்க்கிறார்கள். டென்மார்க்கில் கிடேரிகளுக்கு இப்படிச் சோதனை நடந்தது. பலகை ஒன்றைத் திரும்பத் திரும்ப அழுத்தினால்தான் படுத்துக்கொள்ள வாய்ப்பு. அழுத்த வேண்டிய தடவைகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கிடேரிகள் சளைக்கவில்லை. நாளுக்கு 12, 13 மணி நேரம் படுப்பதை அவை விட்டுக்கொடுக்கவே இல்லை.

படுப்பது என்பது மாட்டுக்குச் சோம்பல் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. கரடுமுரடான சிமெண்ட் தரையால் மாடு படுக்கத் தயங்கி நின்றுகொண்டே இருந்தால், குளம்பின் மேல் சுமை ஏறிக்கொண்டே இருக்கும். நொண்டலுக்கு அது ஒரு வழி.

கட்டிலை அளப்பதா, காலைப் பார்ப்பதா

நலம் என்ற சொல் கொஞ்சம் வழுக்கும். பிராம்பெல் குழு அதை உடம்பின் அசைவாகச் சொன்னது: திரும்பவும், படுக்கவும், எழவும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளவும், கைகால் நீட்டவும் இடம் வேண்டும். பின்னால் அதுவே ஐந்து விடுதலைகளாக விரிந்தது. பசி தாகம், வசதிக்குறைவு, வலியும் நோயும், அச்சமும் துயரும் ஆகியவற்றிலிருந்து விடுதலை. ஐந்தாவது, தன் இயல்புப்படி நடந்துகொள்ளும் விடுதலை. பாடப்புத்தகங்களில் இந்தப் பட்டியல் இல்லாத இடமே இல்லை. நடைமுறையில் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அளக்கும் பொருள் மாறியதுதான்.

முன்பெல்லாம் நலத்தைச் சோதிக்க வருபவர் நாடாவோடு வருவார். படுக்கைத் தடுப்பின் நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, தொட்டி இத்தனை என்று எழுதிக்கொண்டு போவார். எல்லாம் சரியாக இருந்தும் மாட்டின் பின்னங்கால் முட்டியில் மயிர் உதிர்ந்து வீங்கியிருந்தால் அந்த அளவுகளால் என்ன பயன்? படுக்கை சரியில்லை என்று மாட்டின் முட்டியே எழுதி வைத்திருக்கிறது. அதனால் இப்போது முட்டி வீக்கம், உடல் இளைப்பு, நடை, மனிதர் அருகே போனால் எத்தனை அடி தூரத்தில் விலகுகிறது என்று விலங்கின் மேலேயே அளவெடுக்கிறார்கள். தொடக்கத்தில் சொன்ன 53 பண்ணை ஆய்வு அந்த வகையைச் சேர்ந்தது.

ஏரிக் கணக்கு

நோய்ப்பரவலியலைக் கொள்ளைநோயியல் என்றும் தமிழில் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் கோமாரியும் வெக்கையும்தான் நினைவுக்கு வரும். வரட்டும், தப்பில்லை. ஊர் ஊராக மாடுகளை வாரிக்கொண்டுபோன வெக்கை நோய் 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதருக்கு வரும் பெரியம்மைக்குப் பிறகு முற்றாக ஒழிக்கப்பட்ட நோய் அது ஒன்றுதான். தடுப்பூசியோடு, எங்கே எப்போது போடுவது என்று சொன்ன கணக்கும் அதற்குக் காரணம். ஆனால் ஒட்டிப் பரவாத கோளாறுக்கும் இதே கணக்குதான். நொண்டலில் இரண்டு வகையும் கலந்திருக்கிறது. குளம்புக்கு மேலே தோலில் வரும் ஒருவகைப் புண், 1974இல் இத்தாலியில் முதலில் விவரிக்கப்பட்டது, மாட்டுக்கு மாடு தொற்றும். குளம்பின் அடியில் வரும் இரத்தக்கட்டும் புண்ணும் தொற்றுவதில்லை.

முதலில் வரும் குழப்பம் எண்ணிக்கையில்தான். ஒரு மந்தையில் நொண்டல் எவ்வளவு என்று கேட்டால் இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று ஏரியில் நிற்கும் தண்ணீர் எவ்வளவு என்பது ஒரு கணக்கு. இந்த மாதம் வாய்க்காலில் எவ்வளவு வரத்து என்பது வேறு கணக்கு. இன்று காலை எண்ணியபோது நொண்டிய மாடுகள் நிற்கும் நீர். இந்த மாதம் புதிதாக நொண்ட ஆரம்பித்தவை வரத்து. வரத்து குறைவாக இருந்தும் ஏரி நிறைந்து கிடக்கலாம், மதகு அடைத்திருந்தால். சிகிச்சையைத் தள்ளிப்போடும் பண்ணையில் அதுதான் நடக்கிறது: புதிய நோய் குறைவு, பழையது தீர்வதில்லை. இரண்டு பண்ணையிலும் நூற்றுக்கு 22 என்றாலும், ஒன்றில் தரையைச் சரிசெய்ய வேண்டும், இன்னொன்றில் குளம்பு சீவுபவரைச் சீக்கிரம் கூப்பிட வேண்டும்.

இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயரில் ஐந்து பண்ணைகளின் 900 மாடுகளை 18 மாதம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்றில், 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட மாடுகள் ஒரு தடவையாவது நொண்டிவிட்டன. அந்த ஆய்வில் இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. நொண்டும் மாடு பால் குறைவாகத்தானே கறக்க வேண்டும்? நொண்டும் மாடுகளின் பாலையும் நொண்டாதவற்றின் பாலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல பண்ணைகளில் வித்தியாசமே தெரியாது. சில இடங்களில் நொண்டும் மாடே அதிகம் கறக்கும். பண்ணைக்காரர் “இதில் என்ன நஷ்டம்?” என்று கேட்டால் அவர் கையில் இருக்கும் ஏட்டின்படி அவர் கேட்பது சரி. விஷயம் என்னவென்றால், அதிகம் கறக்கும் மாட்டுக்குத்தான் நொண்டும் வாய்ப்பும் அதிகம். ஓடுபவனுக்குத்தான் சுளுக்கு. ஆகவே அந்த மாட்டைப் பக்கத்து மாட்டோடு ஒப்பிடாமல், நொண்டாமல் இருந்திருந்தால் அதே மாடு எவ்வளவு கறந்திருக்கும் என்று கணக்கிட வேண்டும். அப்படிப் போட்டபோது ஓர் ஈற்றுக்கு (ஒருமுறை கன்று ஈன்றபின் கறக்கும் காலத்துக்கு) ஏறக்குறைய 360 கிலோ பால் குறைந்திருந்தது. அதைவிடச் சங்கடமான செய்தி: நொண்டுவதைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தருவதற்கு நான்கு மாதம் முன்பிருந்தே பால் குறையத் தொடங்கியிருந்தது. நம் கண்ணுக்குத் தெரிவதற்கு எத்தனையோ நாள் முன்பே மடிக்குத் தெரிந்திருக்கிறது.

காரணம் எது, விளைவு எது என்பது அடுத்த சிக்கல். நொண்டும் மாடுகள் இளைத்திருக்கும். நடக்க முடியவில்லை, தீவனத் தொட்டிக்குப் போக முடியவில்லை, அதனால் இளைத்தது என்று எல்லோரும் சொன்னார்கள். ஸ்காட்லாந்தில் ஒரே மந்தையை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து எடுத்த பதிவுகளைப் புரட்டியபோது இளைப்பு முதலில் வந்து, நொண்டல் பிறகு வருவதும் தெரிந்தது. குளம்புக்குள் எலும்புக்கு அடியில் கொழுப்பாலான மெத்தை ஒன்று இருக்கிறது. மெலிந்த மாட்டில் அந்த மெத்தையும் மெலியும். எலும்பு அடிப்பக்கத்தை அழுத்தும். ஒருநாள் போய்ப் பார்த்து எண்ணும் ஆய்வில் கோழி முதலா முட்டை முதலா என்று தெரியாது. காலவரிசை வேண்டுமென்றால் வருஷக்கணக்கில் உட்கார வேண்டும். இந்தத் தொழிலில் பொறுமையற்றவர்கள் தங்குவதில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

இங்கிலாந்து, வேல்ஸில் 205 பண்ணைகளைப் பார்த்த பிற்கால ஆய்வில் சராசரி நூற்றுக்கு 37 அளவுக்கு வந்தது. எனக்கு அந்தச் சராசரியைவிட அதன் இரண்டு முனைகள்தான் சுவையானவை: ஒரு பண்ணையில் நொண்டும் மாடே இல்லை, இன்னொன்றில் நூற்றுக்கு 79. எல்லாப் பண்ணையிலும் ஒரே அளவு நொண்டினால் ஆய்வாளர் கையைப் பிசைய வேண்டியதுதான். பூஜ்யம் சாத்தியம் என்றால், வித்தியாசம் எங்கே என்று தேடலாம். தேடியதில் கிடைத்தவை: உடைந்த சிமெண்ட் தளம், கறவைக் கூடத்தின் வாசலில் மாடுகள் சட்டென்று திரும்ப வேண்டியிருப்பது, ஒன்றையொன்று நெருக்குவது, நொண்டும் மாட்டுக்கு 48 மணி நேரத்துக்குள் சிகிச்சை தராதது. வாசலில் ஒரு திருப்பம் என்பது சின்ன விஷயம். 600 கிலோ எடையுள்ள மாடு பின்குளம்பை முறுக்கிக்கொண்டு திரும்புகிறது, நாளுக்குச் சில தடவை, ஆண்டு முழுவதும்.

சிகிச்சையையும் இதே கண்டிப்போடு சோதிக்கிறார்கள். குளம்பை மட்டும் சீவிவிட்ட மாடுகள், சீவி அதே காலின் நல்ல பாதிக் குளம்பில் கட்டை ஒட்டி வலிக்கும் பாதியைத் தரையில் படாமல் தூக்கியவை, சீவி வலிமருந்து கொடுத்தவை, மூன்றும் செய்தவை என்று குலுக்கல் முறையில் பிரித்து நாட்டிங்ஹாமில் ஒரு சோதனை நடந்தது. மூன்றும் செய்தவற்றில் பாதிக்கு மேல் நன்றாக நடந்தன. சீவி மட்டும் விட்டவற்றில் கால்வாசிதான். வலிமருந்து வீண்செலவு என்று நினைத்திருந்த பலர் அதன் பிறகு யோசித்தார்கள்.

ஆனால் நொண்டலையே பெரிதாக நினைக்காதவர்களும் உண்டு. அந்தச் சோதனைக்குச் சில ஆண்டுகள் முன்பு 222 பண்ணைகளில் கேட்டபோது பத்துக்கு ஒன்பது பேர் நொண்டல் தங்கள் பண்ணையில் பெரிய பிரச்சினை இல்லை என்றார்கள். அங்கேயே சராசரியாக நூற்றுக்கு 36 மாடுகள் நொண்டிக்கொண்டிருந்தன. ஆகவே இந்த ஆய்வாளர் கடைசியில் மனிதரின் நடத்தையையும் படிக்க வேண்டியவராகிறார். அறிக்கையை நீட்டினால் அது மேசையிலேயே கிடக்கும். பண்ணைக்காரரைத் தன்னோடு வாசலில் நிறுத்தி, அவரையே மதிப்பெண் போடச் சொன்னால் இருபதாவது மாட்டுக்குள் முகம் மாறும் என்கிறார்கள்.

நம் ஊர்க் கதை வேறு. ஒன்றிரண்டு மாடுகள், கயிற்றில் கட்டியபடியே நிற்கும். நடையைப் பார்க்க முடியாத மாட்டுக்கு வேறு குறிகள் உண்டு: ஒரு காலைத் திரும்பத் திரும்ப மாற்றி வைப்பது, ஒரு குளம்பை நுனியில் மட்டும் ஊன்றி ஓய்வு கொடுப்பது, தளத்தின் விளிம்பில் குளம்பின் வலிக்காத பகுதியை வைத்து நிற்பது, இடமும் வலமுமாக நகர்த்தினால் ஒரு பக்கம் சுமையேற்ற மறுப்பது. இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் நம் மாணவருக்கு வழி பழக்கமானதுதான். ஐந்தரை ஆண்டு கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு, அதன்மேல் முதுகலை, ஆராய்ச்சிப் பட்டம். பெங்களூரில் எலஹங்காவில் கால்நடை நோய்ப்பரவலியலுக்கென்றே தேசிய நிறுவனம் இருக்கிறது. புள்ளியியலுக்குப் பயந்தவர்கள் முதல் ஆண்டிலேயே பயத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது.

இப்போது கறவைக் கூட வாசலுக்கு மேல் கேமரா மாட்டி, நடையைக் கணினியே மதிப்பிடும் கருவிகள் வந்துவிட்டன. மழை, பனி, தூக்கம் எதுவும் அதற்கு இல்லை. ஒவ்வொரு மாட்டையும் நாள்தோறும் பார்க்கிறது. அதற்கு நடையைக் கற்றுக்கொடுக்க ஆயிரக்கணக்கான காணொளிகளுக்கு யாராவது மதிப்பெண் போட்டுத் தர வேண்டியிருந்தது. போட்டவர்கள், அட்டையும் பென்சிலுமாக வாசலில் நின்று ஒன்றா இரண்டா என்று தங்களுக்குள் வாதாடிய அதே ஆட்கள்தான்.